காத்து உங்கிட்ட, திரி எங்கிட்ட

“பம்பு எடுத்துக்கினியா மாமா?”

“என் பையில கீது. திரி?”

“திரி எங்கிட்ட. குத்தூசி எங்கிட்ட. ஸ்பேர் டியூப் எங்கிட்ட. கனமெல்லாம் எங்கிட்ட. உங்கிட்ட இன்னா கீது? வெறும் காத்து.”

“அந்தக் காத்து இல்லாம நீ இன்னாடா பண்ணுவ?”

“செத்துடுவேன் மாமா. போதுமா? வண்டிய எடு.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

“அது இருக்கட்டும். அக்காகிட்ட கேட்டியா?”

“இன்னிக்கி சாயங்காலம் கேக்கறேன்டா.”

“அஞ்சு மாசமா உனக்கு அந்தச் சாயங்காலம் வரவே மாட்டேங்குதே!”

பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஒன்பது பத்து. ராயபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்து சைக்கிள்களை வெளியே எடுத்தபோது சாலமனும் அவன் மைத்துனன் மேத்யூவும் பேசிக்கொண்டது இது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாலமனுக்கு அத்தனையும் மனப்பாடம். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நல்லபடியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

இனி வருவதைக் கற்பனை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். சாலமன் கதை அளக்கிற ஆள் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிறவன். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவான். பேய் என்றால் சிரிப்பான். போன அக்டோபர் வரைக்கும் சிரித்தான்.

ராத்திரியில் நடந்திருந்தால்கூட, இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். நடந்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். நம்முடைய நிழலே நம் காலடியில் ஒளிந்துகொள்ளும் நேரத்தில்.

முதலில் அந்தப் பம்பையும் திரியையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேருடையதும் மலைப் பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள்கள். ஓடும்போது உள்ளே டியூப் கிடையாது; ஸ்பேர் டியூப் வேறு வழியே இல்லாதபோது போட. டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். சின்ன முள் குத்தினால் அந்தப் பாலே உறைந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால் வழியிலேயே அடைக்க வேண்டும். குத்தூசி என்பது விரல் நீளத்துக்குக் கூரான இரும்பு, மேலே கைப்பிடி. அதன் காதில் ரப்பர் திரியைக் கோத்து, ஓட்டைக்குள் குத்தி, அரைச் சுற்று திருகி, வெடுக்கென்று உருவினால் திரி உள்ளே தங்கிவிடும். அப்புறம் பம்பால் காற்றடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு முழு செட் வைத்திருப்பார்கள். இவர்கள் இருவர் மட்டும் கனத்துக்குப் பயந்து பிரித்துக்கொண்டார்கள். பம்பும் ஒரு சின்ன பாட்டில் பாலும் சாலமனிடம். மற்றதெல்லாம் மேத்யூவிடம். தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷாரிக் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

“இன்னா மாமு, புருஷன் பொண்டாட்டி மாதிரி சாமானைப் பிரிச்சி வெச்சிகினு சுத்துறீங்க! ஒரு நாள் சண்டை வந்தா இன்னாவறது?”

வந்தது.

மேத்யூவுக்கு இருபத்தாறு வயது. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவன் அக்கா ஜூடி, அதாவது சாலமனின் மனைவி. சர்ச் பாடல் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணை அவனுக்காகப் பார்த்து வைத்திருந்தாள். அவன் மனதிலோ மங்கை இருந்தாள். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற பெண். மீன்பிடிக் குடும்பம், இந்துக்கள். அக்காவிடம் நேரில் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. “நீ கேளு மாமா, உன் பேச்சை அக்கா தட்டாது” என்று சாலமனைப் பிடித்துக்கொண்டான். சாலமனுக்கு மட்டும் எங்கே தைரியம்? ஜூடி குரலை உயர்த்துகிறவள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவாள். அதுதான் அவனுக்குப் பயம்.

அந்த ஞாயிறு, எண்ணூர் கழிமுகத்துக்குப் பக்கத்தில், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகிற மண் பாதையில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

“நீ ஆம்பளையா மாமா? பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க அஞ்சு மாசமா?”

சாலமன் அறைந்தான். அறைந்தது போதாமல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மேத்யூ சைக்கிளோடு போய் வேலிக்காத்தான் புதரில் விழுந்தான். எழுந்தபோது உதடு கிழிந்திருந்தது. அவன் சைக்கிளின் முன் டயரில் காற்று சீறிக்கொண்டு போனது.

“மாமா… பம்பைக் குடு.”

சாலமன் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். 12.07-க்குப் போன் அடித்தது. பெயரைப் பார்த்தான். கட் பண்ணினான்.

மேத்யூ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பாதையிலேயே நடந்திருக்கிறான். வழியில் இரண்டு பேர் குழாயின் இரும்புத் தாங்கியைத் திருட அறுத்துக்கொண்டிருந்தார்கள். யாரடா என்று கேட்டானா, போனில் படம் எடுத்தானா, தெரியாது. அவன் கையிலிருந்த குத்தூசியையே பிடுங்கிக் குத்தினார்கள். ஒன்பது குத்து. “எட்டுக் குத்துக்கும் பிழைச்சிருப்பார். ஒன்பதாவது தொடையில. ரத்தக் குழாயில. அதை மட்டும் யாராவது அடைச்சிருந்தா…” என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் அவன் சைக்கிளைச் சாலமன் பார்த்தான். முன் டயரில் ஒரு திரி சரியாக ஏற்றப்பட்டிருந்தது. மேத்யூ தன் வேலையை முடித்துவிட்டிருந்தான். காற்று மட்டும்தான் இல்லை.

திரிப் பெட்டி பக்கத்தில் கிடந்ததாம். காலியாக.

‘எனக்கு மத்தியான ஷிப்ட். திருவொத்தியூரிலேயே திரும்பிட்டேன்’ என்று போலீசிடம் சொன்னான். ஜூடியிடமும் அதையேதான் சொன்னான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே ஒரு பெண், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். “யாரு அது?” என்றாள் ஜூடி. “தெரியல” என்றான் சாலமன். கொலைகாரர்கள் இருவரும் பத்தே நாளில் பிடிபட்டார்கள். மூன்றாவது ஆளும் ஒருவன் உண்டு என்பது சாலமனுக்கு மட்டும் தெரியும். அது ஜூடிக்குத் தெரிந்தால் அன்றோடு தன் குடும்பம் முடிந்தது என்று அவன் நம்பினான். எட்டு மாதம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எட்டு மாதமும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தான்.

தன் சைக்கிளை அவன் அதற்குப் பிறகு தொடவில்லை. அக்டோபரில் அத்திப்பட்டில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் கொண்டுவந்து தருகிறேன் என்றான். ஓட்டிக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்புவதாக யோசனை.

கிளம்பும்போது பையை எடுத்தான். பம்பு. பால் பாட்டில். மூடினான்.

அவ்வளவுதான் வைத்தான். கைப் பழக்கம். மற்றதெல்லாம் இன்னொரு பையில் வரும் என்று எட்டு மாதம் கழித்தும் அவன் கை நம்பிக்கொண்டிருந்தது.

வீட்டை விட்டுக் கிளம்பியபோது மணி 11.15. காசிமேடு, திருவொத்தியூர் தாண்டி எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது 11.46. அதற்கு மேல் போக முடியவில்லை. கண்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையாக நின்றன. ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

“லாரி கவுந்துகீதுப்பா. ஆயில் கொட்டிக்கீது. சைக்கிள்தானே? பைப் ரோடு புடிச்சிப் போ.”

மேத்யூ செத்த அதே பாதை. திரும்பியிருக்கலாம். அதே நேரத்தில் அத்திப்பட்டுக்காரர் போனில் கூப்பிட்டு “எங்க கீறீங்க? நான் வெயிட்டிங்” என்றார். பத்து நிமிஷப் பாதைதானே என்று இறங்கிவிட்டான்.

11.54.

வெயில் கண்ணைக் குத்தியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த குழாய்கள். தரையெல்லாம் மாவு மாதிரி சாம்பல். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நூறு மீட்டர் போனதும் ஒன்று கவனித்தான். லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. அத்தனை லாரி அங்கே அலறிக்கொண்டிருந்ததே… கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. கழிமுகத்தில் எப்போதும் இருக்கும் கொக்கு, காக்கா ஒன்றையும் காணோம்.

அப்புறம் தரையைப் பார்த்தான். சாம்பலில் ஒரு சைக்கிள் தடம். அவனுக்கு முன்னால், அவன் போகிற திசையிலேயே போனது. தடம் அகலமாக, நசுங்கி இருந்தது. காற்றில்லாத டயர்தான் அப்படிப் பதியும். பக்கத்திலேயே ஷூ தடம். யாரோ பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தடம் பாதையின் நடுவில் தொடங்கியது. அதற்குப் பின்னால் சுத்தமான சாம்பல். அந்த ஆள் எங்கிருந்து வந்து இறங்கினான்?

சாலமன் வேகமாக மிதித்தான்.

12.01. பின்னால் ஒரு சத்தம்.

டிக்… டிக்… டிக்… டிக்…

சைக்கிளைத் தள்ளும்போது பின் சக்கரத்தின் நடுவிலிருந்து வருகிற சத்தம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது ஒவ்வொரு மாதிரி. இது கொஞ்சம் கனமாக, மூன்றுக்கு ஒரு முறை தடுக்கித் தடுக்கி வந்தது. அப்படித் தடுக்குகிற ஒரே ஒரு சக்கரத்தைத்தான் சாலமனுக்குத் தெரியும். அது இப்போது கோர்ட்டு வளாகத்தில் சீல் வைத்துக் கிடக்கிறது.

நின்றான். சத்தமும் நின்றது.

திரும்பினான். யாரும் இல்லை. வெள்ளை வெயில். வெள்ளைச் சாம்பல்.

தடம் மட்டும் இருந்தது. இப்போது அவனுக்குப் பின்னாலும்.

டப்!

அவன் முன் டயர். பால் சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. சக்கரத்தைச் சுற்றி, ஓட்டையைக் கீழே கொண்டுவந்தான். பால் உறையவில்லை. குனிந்து பார்த்தான். முள் இல்லை, ஆணி இல்லை. வட்டமாக, சுத்தமாக ஓர் ஓட்டை.

குத்தூசி போட்ட ஓட்டை.

பையைத் திறந்தான். பம்பு. பாட்டில். திரி இல்லை. தன் பங்கை மட்டும் எடுத்து வந்திருப்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

மணி 12.07.

“மாமா…”

காதுக்குப் பக்கத்தில். மூச்சுச் சூட்டோடு.

“கேட்டியா?”

டப்!

சைக்கிள் அவன் கையில்தான் நின்றது. அசையக்கூட இல்லை. டயரில் இரண்டாவது ஓட்டை.

“கேட்டியா?”

டப்!

“டேய்… மேத்யூ…”

பதிலுக்கு முகத்தில் ஓர் அறை விழுந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவன் அறைந்த அதே பக்கம். போட்டிருந்த மூக்குக் கண்ணாடி பறந்தது. பல் உதட்டைக் கிழித்தது. வாயில் ரத்தமும் சாம்பலும் கரித்தன. கீழே விழுந்தவன் ஓட எழுந்தான். நெஞ்சில் ஒரு கை. கண்ணுக்குத் தெரியாத கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. தள்ளியது. முதுகு போய்க் குழாயில் மோதியது. இரும்பு ‘ணங்’ என்று அலறியது.

“கேட்டியா?”

டப்!

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. முட்டி தேய்ந்தது. தோல் உரிந்தது. முகத்தைச் சாம்பலுக்குள் அழுத்தியது. மூச்சு இல்லை. மூக்குக்குள் சாம்பல். தொண்டைக்குள் சாம்பல்.

“கேட்டியா?”

டப்!

தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது. ஒரு வாய் மூச்சு. மறுபடியும் அழுத்தியது.

டப்!

இப்போது கேள்விகூட இல்லை.

டப்!

தூக்கியது. அழுத்தியது.

டப்!

எண்ணிக்கொண்டிருந்தான். எட்டு. அந்த எண்ணிக்கை அவனுக்குத் தெரியும். அடுத்தது எங்கே என்றும் தெரியும்.

பிடி தளர்ந்தது. மல்லாக்கப் புரண்டான். மேலே வானம் தெரிந்தது. வானத்துக்கும் அவனுக்கும் நடுவே சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. தோள் மாதிரி… தலை மாதிரி… கிழிந்த உதடு மாதிரி…

“அக்காகிட்ட… கேட்டியா?”

மெதுவாக. கெஞ்சுகிற மாதிரி.

சாலமன் வாயைத் திறந்தான். பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. நாக்கு மட்டும் தன் பழக்கத்துக்குப் பேசியது.

“இன்னிக்கி… சாயங்காலம்… கேக்கறேன்டா…”

ஒரு நொடி. எல்லாம் நின்றது.

பிறகு தொடையில் இறங்கியது.

அவன் கத்திய கத்தல் அவன் காதுக்கே கேட்கவில்லை. இரும்பு உள்ளே போனது தெரிந்தது. எலும்பை உரசியது. வெளியே வந்தது. ரத்தம் வழியவில்லை. பீய்ச்சியது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு பீய்ச்சல். கையை வைத்து அழுத்தினான். விரல் சந்தெல்லாம் சூடாக வழிந்தது. சாம்பல் கறுத்தது. சேறானது.

கை தளர்ந்தது.

கண் இருட்டியது.

சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு பெட்டி திறக்கிற சத்தம்.

அவன் கையை யாரோ விலக்கினார்கள்.

மறுபடியும் குத்தியது. அதே இடத்தில்.

அரைச் சுற்று… திருகியது.

வெடுக்கென்று… உருவியது.

அப்புறம்…

புஸ்… புஸ்… புஸ்… புஸ்…

பம்பு.

அவனுடைய பம்பு.

கண் விழித்தபோது மணி 12.31. போன் பக்கத்திலேயே கிடந்தது. கழிமுகத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தது. லாரி ஹாரன்கள் கேட்டன. சைக்கிள் குழாயில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. முன் டயரை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி காற்று.

ஏற முடியவில்லை. சைக்கிளைக் கைத்தடியாக வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நடந்தான். குப்பத்து ஓரத்தில் இறால் கூடையோடு வந்த கன்னியம்மா என்கிற அம்மாள்தான் அவனைப் பார்த்தது.

“அடக் கடவுளே! இன்னா நைனா, யார்னா வெட்டிட்டானுங்களா? பேன்ட்டெல்லாம் ரத்தமா கீதே!”

முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இத்தினி ரத்தம் கீது… ஆனா ஒரு சொட்டுகூட இப்ப வரலியே?”

அவள்தான் அவன் போனை வாங்கி ஜூடிக்குப் பேசினாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வீட்டுக்காரி வரும்வரை இறால் கூடையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டியூட்டியில் இருந்தது டாக்டர் வினிதா. மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம்.

“யாரும்மா முதலுதவி பண்ணது?”

“தெரியலீங்க டாக்டர்” என்றாள் ஜூடி.

“தொடையில பெரிய ரத்தக் குழாய் கிழிஞ்சிருக்கு. இதுக்கெல்லாம் நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்தான் டைம். யாரோ காயத்துக்குள்ள இதைச் சொருகியிருக்காங்க. என் பதினோரு வருஷ சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை. இது இல்லைன்னா இவர் இல்லை.”

கிண்ணத்தில் கிடந்தது, சுண்டு விரலில் பாதி நீளத்துக்கு ஒரு பழுப்பு நிற ரப்பர் திரி.

சாலமன் தன் கையால் சொருகவில்லை. அவனிடம் திரியே இல்லை. போலீசிடமும் அதைத்தான் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. எவனோ வழிப்பறிக்காரன் என்று எழுதிக்கொண்டார்கள். போன், பர்ஸ், சைக்கிள் மூன்றும் பத்திரமாக இருக்க, அது என்ன வழிப்பறி என்று யாரும் கேட்கவில்லை.

குப்பத்தில் விட்டு வந்த சைக்கிளை எடுத்துப்போக ஜூடி ஷாரிக்கைக் கூப்பிட்டிருந்தாள். அவன் அதைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டு, ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வந்ததிலிருந்து அவன் முகமே சரியில்லை. வழக்கமான கேலி இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பார்த்தான். உள்ளே இருந்ததை விரலால் புரட்டினான்.

“மாமு… உன் டயரைக் கழட்டிப் பார்த்தேன். எட்டு ஓட்டை. எட்டுலயும் திரி ஏத்திகீது. நானே அவ்ளோ சுத்தமா ஏத்த மாட்டேன்.”

சாலமன் தொடையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

“எல்லாம் பாதித் திரி. பிளேடு வெச்சி வெட்டினது. ஒரு திரியை ரெண்டா வெட்டற கஞ்சன் இந்த மெட்ராஸ்ல ஒருத்தன்தான் இருந்தான். பிப்ரவரியில என் கடையிலதான் வாங்கினான். அஞ்சு திரி. என் கண்ணு முன்னாடி என் பிளேடாலயே வெட்டினான். பத்துத் துண்டு. ஒண்ணு அவன் டயர்ல கீது, நாம ஸ்டேஷன்ல பார்த்தோம். மீதி ஒம்போது எங்க போச்சின்னு போலீசுகூடக் கேட்டாங்க. பெட்டி காலியா இருந்திச்சே…”

டயரில் எட்டு. கிண்ணத்தில் ஒன்று.

ஷாரிக் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அறையில் இரண்டு பேர்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜூடி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழாமல் இருக்கும்போதுதான் அவளைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

“அன்னிக்கி ராத்திரி உன் துணியத் தொவைச்சேன்” என்றாள் திடீரென்று.

சாலமன் அவளைப் பார்த்தான்.

“தம்பிய மார்ச்சுவரியில வெச்சிட்டு வந்த ராத்திரி. தூக்கம் வரல. இன்னா செய்யறதுன்னு தெரியாம பக்கெட்ல கெடந்ததத் தொவைச்சேன். உன் சாக்ஸ்லருந்து சாம்பலு சாம்பலா வந்திச்சி. மூணு தண்ணி மாத்தினேன். திருவொத்தியூர்ல ஏது அவ்ளோ சாம்பலு?”

அவன் தொண்டையில் இன்னும் அந்தச் சாம்பல் இருந்தது.

“எட்டு மாசமாத் தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவன்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் சோத்தப் போட்டுட்டு எதிர்ல உக்காந்திருந்தேனே… பார்க்கலியா நீ?”

சாலமன் எல்லாவற்றையும் சொன்னான். அறைந்ததை, தள்ளியதை, பம்பைக் கொடுக்காமல் வந்ததை, 12.07-க்கு வந்த போனை, இன்று நடந்ததை. மேத்யூ கேட்கச் சொன்னது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. முடித்தபோது அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். முதுகு குலுங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உன்னை இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. அத அப்பறம் பார்த்துக்கலாம்” என்றாள். “அவன் உன்னை அடிச்சான். குத்தினான். கொன்னுருக்கலாம். அவனே அடைச்சி அனுப்பியும் வெச்சிகீறான். எதுக்கு? எங்கிட்ட இன்னா கேக்கணும்னுதான் உங்க ரெண்டு பேருக்கும் அவ்ளோ சண்டை?”

தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாலமன் அந்தச் சத்தம் முழுவதும் தேய்ந்து போகும்வரை காத்திருந்தான். உதட்டில் போட்டிருந்த தையல் இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேத்யூ எப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தானோ அப்படியே, பக்கத்து அறையில் அவன் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் போலவே கேட்டான்.

“ஜூடி… கோவப்படாத. காசிமேட்டுல மங்கைன்னு ஒரு பொண்ணு கீது. நம்ம மேத்யூவுக்கு ரொம்பப் புடிச்சிகீது. ஒரு தபா வூட்டுக்குக் கூட்டிக்கினு வரட்டுமா?”